அட்டையில் 'தோற்றம்' என்ற இடத்தில் என்ன போடுவது? பெரியம்மையை அறிந்தவர்கள் உதவுங்கள்

வடக்குச்சுவர்:

கல்லிடைக்குறிச்சிக்காரர்கள், எங்கள் தெருவில் வளர்ந்து இப்போது எங்கெங்கோ இருப்பவர்கள், எல்லோருக்கும் வணக்கம். அப்பளத்துப் பெரியம்மை போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் காலமானாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள் ஆச்சி, சிலருக்கு மதினி. எனக்குப் பெரியப்பாவின் மனைவி. எங்கள் வீட்டு வடக்குச் சுவரும் அவள் வீட்டுத் தெற்குச் சுவரும் ஒரே சுவர். அந்தப் பக்கம் மாவு இடிக்கிற உலக்கைச் சத்தம் கேட்டுத்தான் நாற்பது வருடம் நான் கண் விழித்திருக்கிறேன். பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவள் மகன், என் அண்ணன், கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை அடிக்கக் கொடுக்க வேண்டும். அச்சகத்தில் ஒரு மாதிரி கொடுத்தார்கள். இடதுபக்கம் 'தோற்றம்', வலதுபக்கம் 'மறைவு'. மறைவை எழுதிவிட்டோம். தோற்றத்தில் அண்ணன் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் பிறந்த நாள் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அன்று காலையிலேயே இது தலைகாட்டிவிட்டது. கண்ணைத் தானம் செய்ய வேண்டும் என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால் அண்ணன் அழுதுகொண்டே முதல் போனை கண் வங்கிக்குத்தான் போட்டார். அவர்கள் சொன்னபடி மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து உயர்த்தி வைத்தோம். கண்புரை அறுவை செய்தவளாயிற்றே என்று தயங்கிக் கேட்டேன். அதனால் ஒன்றும் இல்லை, கருவிழிதான் எடுக்கிறோம் என்றார் வந்த பெண். பிறகு படிவத்தை எடுத்து "வயது என்ன?" என்றார். அண்ணன் எண்பது என்றார். அண்ணனின் மனைவி எண்பத்து நான்கு என்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆதாரில் 01-01-1946 என்று இருக்கிறது. அது முகாமில் எழுதியவர் போட்ட தேதி. அப்படிப் பார்த்தால் கல்யாணத்தின்போது அவளுக்கு வயது பதினொன்று என்று வரும். அது நிச்சயமாகத் தவறு. அவள் உங்களிடம் எப்போதாவது ஏதாவது சொல்லியிருந்தால், சின்ன விஷயமாக இருந்தாலும் எழுதுங்கள்.


டொம்பிவிலிக்காரன்:

செய்தி தெரியவே தெரியாது. இதைப் படித்துத்தான் அறிகிறேன். அலுவலகத்தில் இருந்து எழுந்து வெளியே வந்து நின்றுவிட்டேன். முதல் தடவை பம்பாய்க்கு ரயில் ஏறிய அன்று என் பெட்டியில் ஐந்து கட்டு அப்பளம் வைத்து, இரண்டு கட்டு எனக்கு, மூன்று கட்டு அறையில் உடன் இருக்கிறவர்களுக்கு என்றார் ஆச்சி. அந்த மூன்று பேர் யார் என்று அப்போது எனக்கே தெரியாது. அவர்கள் இன்றுவரை என் நண்பர்கள்.

வயது பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காந்தியைச் சுட்ட செய்தி வந்தபோது தான் இரண்டாம் வகுப்பு என்று சொல்வார். அன்று ராத்திரி தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை, பசியில் அழுதவளுக்கு அவருடைய அம்மா கைநிறையப் பொரிகடலை கொடுத்து, சத்தம் வராமல் மென்று தின்னச் சொன்னாளாம். 1948 ஜனவரி 30. இரண்டாம் வகுப்பு என்றால் ஏழு வயது. அப்படியானால் 1940 அல்லது 41.


கணக்குவாத்தியார்:

ஆழ்ந்த இரங்கல். மதினி என் மனைவிக்கு மூன்று பிரசவத்திலும் கூட இருந்தவர். அந்தக் கடன் என்னோடு போகட்டும்.

ஆனால் வகுப்பை வைத்து வயதைச் சொல்ல முடியாது, தம்பி. முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் இருந்தவன் சொல்கிறேன். அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். கை நீண்ட பிள்ளை நாலரை வயதில் சேர்ந்துவிடும், குட்டையான பிள்ளை ஏழிலும் வெளியே நிற்கும். மதினி நல்ல உயரம். ஐந்தே வயதில் காதைத் தொட்டிருப்பார். பெண்பிள்ளையை இரண்டு வருடம் ஒரே வகுப்பில் உட்கார வைத்ததும் உண்டு. ஆகவே 1938 முதல் 1942 வரை எதுவும் இருக்கலாம். அட்டையில் அச்சடிப்பது நிலைத்து நிற்கும். சந்தேகத்தை அச்சடிக்காதீர்கள்.


வங்கிப்பிள்ளை:

அண்ணனுக்கு என் அனுதாபங்கள். ஒரு நடைமுறை விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். சான்றிதழில் பெயரின் எழுத்தும் வயதும் ஆதாரோடு ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு மேசையிலும் வேறுபாட்டைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். வாரத்துக்கு ஒரு குடும்பமாவது இப்படி என் முன்னால் வந்து கண்ணைக் கசக்குகிறது. என் எண்ணம், அட்டையிலும் ஆதார்த் தேதியையே போட்டுவிட்டால் குழப்பம் இருக்காது.


வெள்ளத்தில்பிறந்தவள்:

வங்கிப்பிள்ளை அண்ணா, சான்றிதழுக்கு நீங்கள் சொல்வது சரி. அட்டைக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த ஆச்சி நம் எல்லோருடைய பிறந்த நேரத்தையும் நாழிகை பிசகாமல் எழுதி வைத்தாரோ, அவருக்கு நாம் ஜனவரி ஒன்றாம் தேதியைப் போடுவதா?

அந்த அலமாரிக் கதவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆச்சியின் அடுக்களையில் சுவரோடு சேர்ந்த மர அலமாரி ஒன்று உண்டு. பெருங்காய டப்பாவும் அப்பளக்காரமும் அதில்தான் இருக்கும். கதவின் உள்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் ஆச்சி அங்கே இருப்பார், வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிவிட்டு முதலில் அதில் எழுதுவார். மாதம், கிழமை, நட்சத்திரம், நேரம். கடிகாரம் எல்லோர் வீட்டிலும் இல்லாத காலத்தில் நேரத்துக்கு அவருக்கு ரயில்தான் கணக்கு. 'செங்கோட்டை வண்டி போய்க் கொஞ்சம் கழித்து', 'திருநெல்வேலி வண்டி கூவும்போது' என்று இருக்கும். நம் தெருவில் பாதி ஜாதகம் அந்தக் கதவைப் பார்த்துக் கணித்ததுதான்.

நான் 1992 நவம்பர் 13 அன்று பிறந்தவள். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று எல்லா அணைத் தண்ணீரும் சேர்ந்து தாமிரபரணியில் இறங்கிய நாள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆச்சி வந்தார் என்று அம்மா சொல்லிச் சொல்லி எனக்கே பார்த்தது போல் இருக்கிறது. என் வரி இப்படி இருக்கும்: 'ஐப்பசி, வெள்ளி. ரயில் சத்தம் இல்லை. ஆற்றுச் சத்தம்தான். விளக்கு வைக்கும் நேரம். பெண். நன்றாக அழுதாள்.'

எனக்கு ஜாதகம் கிடையாது. அந்த வரிதான் ஜாதகம். அந்தக் கதவில் ஆச்சியின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள் அக்கா.


வடக்குச்சுவர்:

பார்த்துவிட்டேன் அம்மா. நேற்று ராத்திரி டார்ச் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து மேலிருந்து கீழ் வரை படித்தேன். முப்பத்தொன்பது பேர். முதல் வரி 1961. கடைசி வரி என் தம்பி மகன். அடியில் எழுத்து கோணிக்கொண்டு போகிறது, கண் மங்கிய பிறகு எழுதியவை. அவள் பெயர் இல்லை. பெரியப்பா பெயரும் இல்லை. பிறக்கும்போது தான் பக்கத்தில் இருந்தவர்களை மட்டும்தான் எழுதியிருக்கிறாள்.

இரண்டு வரிகளில் பெயர் இல்லாமல் 'ஆண், தங்கவில்லை' என்று இருக்கிறது. ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். இன்னொன்று அவளுடையதேதான். அண்ணனுக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்தது என்று இத்தனை வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியாது.


கன்னடியன்கால்:

மெதுவாகத்தான் எழுத வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுபத்தாறு. கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீடு.

ஆதார்த் தேதி நிச்சயம் தவறு என்பதற்கு நானே சாட்சி. அப்பளத்து அக்கா கல்யாணமாகி வந்தபோது நான் அப்பளப் பலகைக்குக் கீழே விழுகிற மாவு உருண்டைக்காகக் காத்திருக்கிற பிள்ளை. மணிமுத்தாறு அணை கட்டிக்கொண்டிருந்த சமயம், காமராஜர் முதலமைச்சர். அணை வேலைக்கு வந்தவர்கள் சம்பள நாளில் ஊருக்குள் வந்து அப்பளம் வாங்கிப் போவார்கள். அவர்களுக்குக் கட்டுப் போட்டுக் கொடுத்தது புதுப்பெண்ணான அக்காதான்.

வருடத்தையும் சொல்கிறேன். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் ஒன்றாம் தேதி. அப்போது அக்கா வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அப்பளம் இட்டுக் கொடுத்தால் எண்ணிக்கைக்கு அணாக் கணக்கில் கூலி. புதுக்காசு வந்ததும் கூலி கொடுக்கிறவர் ஒரு அணாவுக்கு ஆறு பைசா என்று கொடுக்க ஆரம்பித்தார். எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள். அக்கா மட்டும் வாங்கவில்லை. நாலு அணாவுக்கு இருபத்தைந்து பைசா, அப்படியானால் ஒரு அணாவுக்கு ஆறேகால், தினமும் ஒவ்வொரு அணாவிலும் கால் பைசா என் கையைவிட்டுப் போகிறது, அதனால் நாலு அணா சேர்ந்தபிறகு மொத்தமாக இருபத்தைந்தாகக் கொடுங்கள் என்றார். புதிதாக வந்த பெண் இப்படிப் பேசியதில் மாமியார் வெலவெலத்துப் போனார். மறுவாரம் தெருவில் இடுகிற அத்தனை பெண்களும் நாலு அணாவாகச் சேர்த்துத்தான் வாங்கினார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. அந்தக் கால் பைசாக்கள் சேர்ந்து எனக்கு ஒரு சிலேட்டு வந்தது.

பதினோரு வயதுப் பிள்ளையின் கணக்கு இல்லை அது. பதினாறு, பதினேழு இருக்கும்.


கணக்குவாத்தியார்:

இதை ஏற்கிறேன். இப்போது 1940, 41 என்பதற்கு இரண்டு சாட்சி ஆகிவிட்டது. கால் பைசா செய்தி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முப்பத்து நான்கு வருடமும் பின்னம் நடத்தும்போது சொல்லியிருப்பேன்.


டொம்பிவிலிக்காரன்:

வயதை விட்டு ஒன்று எழுதுகிறேன், அக்கா மன்னிக்க வேண்டும். அவர் அப்பளம் இடுவதை இன்னும் ஒருமுறை மனதில் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

உளுந்த மாவைப் பிரண்டை அவித்த தண்ணீர் விட்டுப் பிசைந்து, உப்பு, காரம், பெருங்காயம் சேர்த்து உரலில் போட்டு இடிப்பார். நல்லெண்ணெயைத் தொட்டுத் தொட்டு இடிக்க இடிக்க மாவு இளகி இழுபடும். அதைக் கயிறு போல உருட்டி, நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றி, மறுமுனையைக் கையில் பிடித்து ஒரே இழுப்பில் அறுப்பார். துண்டு ஒன்றுபோல இருக்கும். கத்தி கூடாது என்பார், கத்தி மாவை நசுக்கும், நூல்தான் அறுக்கும். பிறகு பலகையில் வைத்துக் குழவியை ஓட்டினால் அப்பளம் தானே சுற்றிச் சுற்றி விரியும். அவர் கை அதைத் தொட்டுத் திருப்பி நான் பார்த்ததில்லை. விரிந்ததைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். எங்கேயாவது நிழல் தட்டினால் மடித்து மறுபடி மாவிலே போடுவார். நேர் வெயிலில் காய வைக்கவே மாட்டார், ஓரம் சுருண்டுவிடும் என்று தாழ்வாரத்து நிழலில் பாயில் பரப்புவார். நாங்கள் காக்கை விரட்டும் காவல். கூலி, ஆளுக்கு ஒரு பச்சை மாவு உருண்டை.

அந்தப் பலகை யாரிடம் இருக்கிறது அக்கா?


வடக்குச்சுவர்:

இங்கேதான் இருக்கிறது. நடுவில் உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருக்கிறது. மாவு வாசனை போகவில்லை.


மதினிவீட்டுப்பேத்தி:

வணக்கம். இதை எங்கள் பாட்டி சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பாட்டிக்கு எண்பத்தொன்று, அப்பளத்து ஆச்சியோடு ஐம்பது வருடம் ஒரே படித்துறையில் குளித்தவர். நேற்று இந்த விவாதத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, இவ்வளவு பேர் கணக்குப் போடுகிறார்களே, நடராஜரைக் கேட்டால் சொல்லியிருப்பாரே என்றார்.

1982-ல் நம் குலசேகரமுடையார் கோயிலில் நடராஜர், சிவகாமி, மாணிக்கவாசகர், ஸ்ரீபலிநாயகர் என்று நாலு திருமேனிகள் களவு போனது எல்லோருக்கும் தெரியும். நடராஜர் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் ஒரு கலைக்கூடத்தில் இருப்பது தெரிந்து, மீட்டு, 2019 செப்டம்பரில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அன்று தெருவெல்லாம் கோலம். கூட்டத்தில் பாட்டியும் ஆச்சியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். சுவாமி முகம் தெரிந்ததும் ஆச்சி கும்பிடக்கூட இல்லையாம், பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு பாட்டி பக்கத்தில் நிற்க, சுவாமியிடம் சொன்னது இது: "நீர் போகும்போது எனக்கு நாற்பத்தொன்று, வரும்போது எழுபத்தெட்டு. முடி கறுப்பாக இருக்கும்போது போய், நரைத்த பிறகு வந்திருக்கிறீர்; என்னை அடையாளம் தெரிகிறதா?" சிவகாமி அம்மை உடன் வரவில்லையே என்று வீடு வரை அழுதுகொண்டே வந்தாராம்.

பாட்டி வயதை மறப்பவர் இல்லை. அன்றும் அந்த இரண்டு எண்ணையும் அப்படியே எங்களிடம் சொன்னார், நானே கேட்டேன்.


கணக்குவாத்தியார்:

1982-ல் நாற்பத்தொன்று, 2019 செப்டம்பரில் எழுபத்தெட்டு. இடையில் முப்பத்தேழு வருடம், இரண்டும் ஒத்துப்போகிறது. காந்தி செய்தியின்போது ஏழு. கல்யாணத்தில் பதினாறு. எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. 2019 செப்டம்பரில் எழுபத்தெட்டு முடிந்திருந்தது என்றால் 1940 செப்டம்பர் முதல் 1941 செப்டம்பருக்குள் பிறந்தவர். இனி மாதம் தெரிந்தால் போதும்.


வெள்ளத்தில்பிறந்தவள்:

பாட்டியிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். கார்த்திகைக்கு எல்லா வீட்டிலும் பொரி உருண்டையும் அப்பமும் செய்வார்கள். ஆச்சி மட்டும் சொக்கப்பனை கொளுத்திய மறுநாள் பாயசம் வைத்து, பிள்ளைகளைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைத்துக் கொடுப்பார். வருடம் தவறியதில்லை. எதற்கு ஆச்சி என்று கேட்டால், குடித்துவிட்டுப் போ என்பார். அது என்ன நாள்?


வங்கிப்பிள்ளை:

ஆமாம்! நானும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். பித்தளை டம்ளர். கார்த்திகை முடிந்து போனதில் எங்களுக்கு ஏக்கமாக இருக்கும் என்று கொடுக்கிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.


மதினிவீட்டுப்பேத்தி:

கேட்டேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, உங்களுக்கெல்லாம் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்றார்.

ஆச்சி பிறந்தது கார்த்திகை மாதம் ரோகிணி. தீபத்துக்கு மறுநாள். கண்ணன் நட்சத்திரத்தில் பெண் பிறந்திருக்கிறதே, மாமனுக்கு ஆகாது என்று அவர் பிறந்த வீட்டில் யாரோ சொல்லிவிட, ஆச்சியின் அம்மா அந்த நாளை வெளியே சொல்லாமலே மறைத்துவிட்டாராம். ஆச்சிக்கும் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் சொன்னாராம், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. படித்துறையில் ஒருநாள் பாட்டியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ரகசியம் என்று சொல்லவில்லை, அதனால் மற்றவர்களுக்கும் தெரியும் என்று பாட்டி நினைத்துவிட்டார். பாட்டியைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாமல், நாளையும் விடாமல், பாயசம் வைத்திருக்கிறார்.

பாட்டி இப்போது அழுகிறார். இதோடு நிறுத்துகிறேன்.


கன்னடியன்கால்:

1940 என்றால் விக்கிரம ஆண்டு. கார்த்திகை மாதம் ரோகிணி. தீபத்துக்கு மறுநாள் என்பதால் டிசம்பர் இரண்டாவது வாரத்தில் விழும்.

மாமனுக்கு ஆகாது என்றார்களாமே, அந்த மாமனை எனக்குத் தெரியும். அணை வேலைக்கு லாரி ஓட்டியவர், தொண்ணூறு தாண்டி இருந்தார். கடைசி இரண்டு வருடம் அவருக்குக் கஞ்சி கொடுத்தது இதே அக்காதான்.


வடக்குச்சுவர்:

அண்ணனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். முடித்தபிறகு எழுந்துபோய் அலமாரிக் கதவைத் திறந்து, பென்சிலைக் கேட்டார். எல்லா வரிக்கும் மேலே, 1961-க்கும் மேலே, விரல் அகலத்துக்கு ஓர் இடம் இருந்தது. அங்கே எழுதினார்: 'விக்கிரம, கார்த்திகை, ரோகிணி. பெண்.' நேரம் தெரியாததால் அந்த இடத்தை விட்டுவிட்டார்.

அட்டையிலும் அதே வரிதான். அச்சகத்தில் இருந்து கூப்பிட்டு ஆங்கிலத் தேதி இல்லையே என்றார்கள். இப்படியே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சான்றிதழுக்கு வங்கிப்பிள்ளை தம்பி சொன்னபடி ஆதாரைக் கொடுத்திருக்கிறோம்.

காரியம் முடிந்து சில நாளில் தீபம் வந்துவிடுகிறது. துக்க வருடம், எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. மறுநாள் பாயசம் வைக்கலாமா என்று பெரியவர்களைக் கேட்டேன். அது பண்டிகை இல்லையே, தாராளமாக வை என்றார்கள். தெருவில் இப்போது இருக்கிற பிள்ளைகள் பதினேழு. டம்ளர் பரணில் இருந்து இறக்கிப் புளி போட்டு விளக்கிவிட்டேன்.

ஆனால் கை வைத்த பிறகுதான் தோன்றுகிறது, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து இத்தனை வருடம் குடித்தேனே தவிர, ஒருநாளும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பச்சரிசியா, சிறுபயறா?


மதினிவீட்டுப்பேத்தி:

பாட்டி சொல்கிறார்: சிறுபயறு. வாசம் வரும்வரை வறுத்து, தோல் போகப் புடைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை வேண்டாம், உடன்குடிக் கருப்பட்டி, காய்ச்சி வடிகட்டி. தேங்காய்ப்பால் இரண்டு தடவை. சுக்கு கொஞ்சம் தூக்கலாக.

முதல் டம்ளரைப் படித்துறைக்கு எடுத்து வரச் சொல்கிறார். பாட்டி அங்கே இருப்பார்.